இருபது வாரத்து அமானிதம்





பாலிடெக்னிக்கிலிருந்தும் கம்யூனிட்டி கல்லூரியிலிருந்தும் சர்வகலாசாலையிலிருந்தும் நம் கடைகளுக்குக் கடிதங்கள் வருகின்றன. இன்ன மாணவர் இன்ன படிப்புப் படிக்கிறார், படிப்பின் ஒரு பகுதியாகச் சில மாதம் ஒரு ஸ்தாபனத்தில் இருந்து வேலை பழக வேண்டும், தங்களிடம் இடம் உண்டா என்று கேட்கும் கடிதம். நம் ஜனங்கள் இதைப் 'பிராக்டிக்கல்' என்கிறார்கள். பாலிடெக்னிக் டிப்ளோமாப் பிள்ளைகளுக்கு இது 20 வாரம். அது முடிந்து நாம் மார்க்குப் போட்டால்தான் அவர்கள் படிப்பு நிறைவேறும். நம்மில் பலர் கடிதத்தை இரண்டாவது வரிக்கு மேல் படிப்பதில்லை. கடைக்கு ஒரு கை கூடுதலாக வருகிறது, அதுவும் சம்பளமில்லாமல் வருகிறது என்று நினைத்துச் 'சரி' என்று எழுதிக் கையெழுத்தும் கடை முத்திரையும் போட்டு அனுப்பி விடுகிறோம். அந்தச் 'சரி'யைப் பற்றித்தான் இம்மாதம் பேச நாடுகிறோம்.

மாணவன் வரும்போது கையில் ஒரு பதிவேடும் கொண்டு வருகிறான். அன்றன்று என்ன செய்தான், என்ன கற்றான் என்று அவன் அதில் எழுத வேண்டும். கடைப் பொறுப்பாளர் படித்துக் கையெழுத்திட வேண்டும். அப்படி ஒரு பதிவேட்டை நாம் பார்க்க நேர்ந்தது. கணக்கியல் படிக்கும் பிள்ளை. சரக்கு இருப்புச் சரி பார்த்ததாகப் பதினோரு நாள் தொடர்ந்து எழுதியிருந்தான். விசாரித்தால், பதினோரு நாளும் கிடங்கில் பெட்டி தூக்கியிருக்கிறான். இடையிடையே தேத்தண்ணீர் வாங்கி வந்திருக்கிறான். கீழே இருந்த பதினோரு கையெழுத்தும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் போட்டவை. எழுதியவனும் பொய் எழுதினான், ஒப்பமிட்டவரும் பொய்க்கு ஒப்பமிட்டார். அந்தப் பிள்ளைக்குப் பொய் எழுதக் கற்றுக் கொடுத்த பள்ளிக்கூடம் எது என்று யோசியுங்கள்.

ஒரு தடவை நாயகம் (ஸல்) அவர்கள் பெரும் பாவங்களை எண்ணிச் சொல்லிக் கொண்டிருந்தார்கள். சாய்ந்தபடி அமர்ந்து சொல்லி வந்தவர்கள், பொய்ச் சாட்சியம் என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இத்துடன் நிறுத்திக் கொள்ள மாட்டார்களா என்று தோழர்கள் ஏங்கும் அளவுக்குச் சொன்னார்கள் என்று ஸஹீஹ் புகாரியில் வருகிறது. கோர்ட்டுக் கூண்டில் ஏறிச் சொன்னால் மட்டுமே சாட்சியம் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். இந்த மாணவன் இன்ன வேலை அறிவான் என்று முத்திரை குத்திக் கொடுப்பதும் சாட்சியம்தான். அதை நம்பி நாளை ஒருவர் அவனுக்கு வேலை கொடுப்பார்.

வேலையோடு படிப்பு என்பது நமக்குப் புதிதன்று. நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், இராமநாதபுரம் சீமை, கடையநல்லூர் என்று பல ஊர்களிலிருந்து நம் பாட்டன்மார் இந்தக் கரைக்கு வந்ததே கடைப் பையன்களாகத்தான். மீசை அரும்பாத வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். இரவில் கடையிலேயே படுத்தார்கள். முதலில் கூட்டிப் பெருக்குவது, பிறகு தராசு பிடிப்பது, பிறகு துணி அளந்து கிழிப்பது, பிறகு சிட்டை எழுதுவது, கடைசியில் பேரேட்டில் ஏற்றுவது. கல்லாவின் பக்கம் வர வருஷக் கணக்காகும். சூலியா ஸ்திரீட்டிலும் பினாங்கு ஸ்திரீட்டிலும் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் சொந்தப் பெயர்ப் பலகை தொங்கவிட்ட எத்தனையோ பெரியவர்கள் இந்தப் படிகளில் ஏறியவர்கள். முதலாளி வாப்பா ஸ்தானத்தில் இருந்தார். தொழவில்லையென்றால் காதைத் திருகினார், காய்ச்சல் வந்தால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்.

ஆனால் அந்தக் காலத்தை முழுக்க வெள்ளையடித்துக் காட்டவும் நாம் விரும்பவில்லை. அடியும் வசவும் வாங்கியதைப் பெரியவர்கள் சிரித்துக் கொண்டே சொல்வார்கள். எல்லோரும் சிரித்துக் கொண்டு சொன்னதில்லை. சம்பளத்தைக் கையில் கொடுக்காமல் கணக்கிலேயே வைத்திருந்து, ஊருக்குப் போகும்போது தீர்ப்பதில் வாக்குவாதம் வந்த கதைகளும் உண்டு. "நான் பட்டேன், நீயும் படு" என்பது படிப்பு முறையாகாது. ஊரிலிருந்து வந்த பையனுக்குப் பத்து வருஷம் இருந்தது. பார்த்துப் பார்த்தே கற்றுக் கொண்டான். இப்போது வருகிறவனுக்கு இருப்பது இருபது வாரம். கண் பார்வையில் கற்றுக் கொள்ளட்டும் என்று அவனை விட்டுவிட்டால், தேத்தண்ணீர்க் கடைக்குப் போகும் வழியைத்தான் கற்றுக் கொண்டு போவான்.

உலகமும் இந்த வழிக்குத்தான் திரும்பியிருக்கிறது. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்துச் சர்வகலாசாலையில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர், 1906ஆம் ஆண்டில் 27 மாணவர்களை வைத்துக் கொண்டு, ஒரு பாதி வகுப்பில் இருக்கும்போது மறுபாதி தொழிற்சாலையில் இருக்கும்படி முறை வைத்து மாற்றி மாற்றி அனுப்பினார். கனடாவின் வாட்டர்லூ 1957இல் இந்த முறையை வைத்தே தொடங்கிய கல்வி நிலையம். ஜெர்மனியில் தொழிற்கூடமும் பள்ளியும் சேர்ந்து பயிற்றுவிப்பது நெடுங்கால வழக்கம். அதைப் பார்த்து நம் மலேசிய அரசாங்கமும் 2005இல் இரட்டைப் பயிற்சித் திட்டத்தை ஆரம்பித்தது. அதில் பயிற்சியின் பெரும்பகுதி, நூற்றுக்கு எழுபது எண்பது பங்கு, வேலை செய்யும் இடத்திலேயே நடக்கும். நம் பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளும் மாநில அரசாங்கமும் கல்வியாளர்களும் கூடி 1989இல் திறன் மேம்பாட்டு மையத்தை அமைத்தார்கள். பெரிய கம்பெனிகளுக்கு இதற்கென்று தனி அதிகாரிகள் இருக்கிறார்கள். நம் கடையில் அந்த அதிகாரியும் நாம்தான்.

அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தியை இங்கே நினைவூட்டுகிறோம். நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகைக்காகப் போய்க் கொண்டிருந்த வழியில் ஒரு சிறுவன் ஆட்டை உரித்துக் கொண்டிருந்தான். அவனுக்கு அது சரியாக வரவில்லை. நாயகம் அவர்கள் நின்றார்கள். கொஞ்சம் ஒதுங்கிக் கொள், காட்டித் தருகிறேன் என்ற கருத்தில் சொல்லி, தோலுக்கும் இறைச்சிக்கும் நடுவே தம் திருக்கரத்தைச் செலுத்தி, அக்குள் வரை மறையும்படி உள்ளே கொண்டு போய்க் காட்டினார்கள். இப்படி உரி என்றார்கள். பிறகு போய்த் தொழுகை நடத்தினார்கள். புதிதாக உளூச் செய்யவில்லை.

அபூதாவூதில் இந்த ஹதீஸ் உளூவைப் பற்றிய பாடத்தில் இருக்கிறது. பச்சை இறைச்சியைத் தொட்டால் உளூ முறியுமா என்ற மசலாவுக்காக உலமாக்கள் அதை அங்கே வைத்தார்கள். கடை வைத்திருக்கும் நாம் அதைக் கடையில் வைத்தும் படிக்க வேண்டும். போகிற போக்கில் அவர்கள் திட்டவில்லை. கத்தியைப் பிடுங்கித் தாமே முழு ஆட்டையும் உரித்து முடிக்கவுமில்லை. இன்னும் உரிக்கத் தெரியவில்லையா, உன் வாப்பா சொல்லித் தரவில்லையா என்று கேட்கவில்லை. வேலையை ஒரு நிமிஷம் தம் கையில் வாங்கி, கை எங்கே எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று காட்டி, வேலையைத் திரும்ப அவனிடமே கொடுத்தார்கள். தொழுகைக்குப் போகும் அவசரத்தில் அல்லாஹ்வின் தூதருக்கு ஒரு சிறுவனுக்காக நிற்க நேரமிருந்தது. நமக்கு வியாபார நேரம், ஆள் நிற்கிறார்கள் என்று சாக்குச் சொல்கிறோம்.

நாசி கண்டார் கடைக்குச் சமையல் படிக்கும் பிள்ளை வருகிறான் என்று வையுங்கள். மேஜை துடைக்கச் சொல்வதில் குற்றமில்லை, எல்லோரும் துடைத்தவர்கள்தாம். ஆனால் காலையில் மசாலாவை எந்தப் பதத்தில் வறுப்பது, வெள்ளிக்கிழமைக்கு எத்தனை கிலோ கோழி கூடுதலாகச் சொல்வது, மிஞ்சியதை என்ன செய்வது என்று ஒரு நாளாவது பக்கத்தில் நிறுத்திக் கையோடு கை வைத்துக் காட்டினீர்களா? (உணவைத் தொடுகிறவர் யாராயினும் டைஃபாய்டு தடுப்பூசியும் உணவு கையாளும் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார ஒழுங்கு விதி. வந்த முதல் நாளே இதைப் பாருங்கள்.) நாணய மாற்றுக் கடைக்கு வருகிறவனுக்கு நோட்டைத் தடவிப் பார்த்து அறிவது, வாடிக்கையாளரின் அடையாளப் பத்திரத்தைச் சரி பார்ப்பது, ரசீது எழுதுவது, விலைப் பலகை ஏன் மாறுகிறது என்பது, இவையெல்லாம் பாடம். அங்கே கல்லாவை அவனிடம் விட்டுவிட்டு லுஹருக்குப் போய்விடாதீர்கள். அந்த வியாபாரம் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பேங்க் நெகாரா உரிமத்தில் நடப்பது. மாலையில் ஐம்பது வெள்ளி குறைந்தால் பழி யார் தலையில் விழும் என்பது உங்களுக்கே தெரியும். பிள்ளையைச் சந்தேகத்தில் சிக்கும் இடத்தில் நிறுத்தாமல் இருப்பதும் மேற்பார்வையில் சேர்ந்ததே.

பேச்சை முதல் நாளே பேசிவிட வேண்டும். நபி மூஸா (அலை) அவர்கள் மிஸ்ரிலிருந்து தப்பி மத்யனுக்கு வந்து வேலைக்கு அமர்ந்த வரலாறு அல்கஸஸ் அத்தியாயத்தில் இருக்கிறது. அந்தப் பெரியவர் தம் மகளைத் திருமணம் செய்து தருவதாகவும், அதற்கு எட்டு வருஷம் வேலை செய்ய வேண்டுமென்றும், பத்தாக நிறைவு செய்தால் அது மூஸாவின் விருப்பமென்றும், தாம் அவருக்குக் கஷ்டம் கொடுக்க நாடவில்லையென்றும் சொன்னார். காலம், வேலை, கூலி, முதலாளியின் நோக்கம் நான்கும் தொடக்கத்திலேயே வெளிப்பட்டு விட்டன. அல்லாஹ்வைச் சாட்சி வைத்தார்கள். நம்மிடம் வரும் மாணவனுக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்குப் போகலாம், லீவு உண்டா, அலவன்ஸ் எவ்வளவு, என்ன வேலை பழகப் போகிறான் என்று அரைத் தாளில் எழுதிக் கொடுங்கள். "பார்த்துச் செய்வோம்" என்ற ஒரு சொல்லால் எத்தனை மனஸ்தாபம்!

அலவன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. படிக்க வந்தவன்தானே, அவனுக்கு எதற்குப் பணம் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் அவனால் உங்களுக்கு நஷ்டம் என்பது மெய். பிறகு அவன் பெட்டி தூக்குகிறான், பில் போடுகிறான், வாடிக்கையாளரைக் கவனிக்கிறான். அவன் உழைப்பில் உங்களுக்கு லாபம் வரும் நாள் எதுவென்று உங்கள் மனச்சாட்சி அறியும். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்து நாம். குகையில் பாறை அடைத்துக் கொண்ட மூவரின் வரலாறு எல்லோரும் அறிந்தது. அதில் ஒருவர் விட்டுப் போன வேலையாளின் கூலியை வளர்த்து மந்தையாக்கித் திருப்பிக் கொடுத்தவர். நாம் அவ்வளவுக்குக் கேட்கவில்லை. பஸ் செலவும் பகல் சாப்பாடுமாவது அவன் வீட்டிலிருந்து வரக் கூடாது என்றுதான் சொல்கிறோம். அந்தச் சாப்பாட்டையும் எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகு கொடுக்காதீர்கள்.

கண்டிப்பது எப்படி என்பதற்கு ஒரு வரலாறு. ஒருவர் பள்ளிவாசலுக்கு வந்து அவசர அவசரமாகத் தொழுதுவிட்டு நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஸலாம் சொன்னார். பதில் ஸலாம் சொல்லிவிட்டு, தாங்கள் தொழவில்லை, திரும்பப் போய்த் தொழுங்கள் என்றார்கள். இப்படி மூன்று தடவை. மூன்று தடவையும் ஸலாமுக்குப் பதில் கிடைத்தது. தமக்கு இதற்கு மேல் தெரியாது, கற்றுத் தர வேண்டும் என்று அவரே கேட்ட பிறகு, தக்பீரிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார்கள். தவறு தவறென்றே சொல்லப்பட்டது. அதை மூடி மறைக்கவில்லை. ஆனால் ஸலாம் முறியவில்லை. நாமோ, பில்லில் ஒரு பூஜ்யம் விட்டுப் போனால் வாடிக்கையாளர் முன்னாலேயே சத்தம் போட்டு, அன்று முழுதும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. பத்து வருஷம் ஊழியம் செய்த அனஸ் (ரலி) அவர்கள், ஒரு தடவைகூடச் சீ என்ற சொல்லை நாயகத்திடமிருந்து கேட்டதில்லை என்று சாட்சி சொல்கிறார்கள். பத்து வருஷம்! நம்மால் இருபது வாரம் முடியாதா?

இன்னொரு ஸஹாபி, மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி). அவர்களும் ஏறக்குறைய ஒரே வயதுள்ள சில வாலிபர்களும் மதீனாவுக்கு வந்து இருபது இரவுகள் தங்கிக் கற்றார்கள். பிள்ளைகளுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தாமே கண்டு கொண்டார்கள். ஊரில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பிறகு, வீட்டுக்குப் போய்த் தங்கள் மக்களுக்குக் கற்றுக் கொடுக்கும்படியும், தாம் தொழக் கண்டபடியே தொழும்படியும் சொல்லி அனுப்பினார்கள். யாரும் முறையிடவில்லை; அவர்கள் முகத்தைப் பார்த்தே அறிந்தார்கள். உங்கள் கடையில் நிற்கும் மாணவன் கிளந்தானிலிருந்து வந்தவனாக இருக்கலாம், சபாவிலிருந்து வந்தவனாக இருக்கலாம். ஜெலுத்தோங்கிலோ குளுகோரிலோ ஓர் அறையில் நாலு பேராகத் தங்கியிருப்பான். அவன் வாப்பா என்ன வேலை செய்கிறார், உம்மா சுகமாக இருக்கிறார்களா என்று கேட்டதுண்டா? ஜும்ஆவுக்கு நீங்கள் கப்பித்தான் கிளிங் பள்ளிக்குப் போகும்போது கடையைப் பார்த்துக் கொள்ள அவனை விட்டுப் போகிறீர்களா, அழைத்துப் போகிறீர்களா? வந்தவன் முஸ்லிமல்லாத பிள்ளையானால் அவன் பண்டிகை நாளில் லீவு கொடுப்பதும், அவன் உணவு வழக்கத்தை மதிப்பதும் நம் மார்க்கம் கற்றுத் தந்த மரியாதை.

மாணவன் என்றே எழுதி வருகிறோம். வருகிறவர்களில் பெண் பிள்ளைகளும் உண்டு. அவர்களைக் கிடங்குக்கோ மாடிக்கோ ஓர் ஆணோடு தனியாக வேலைக்கு அனுப்பக் கூடாது. கடையில் பெண் சிப்பந்தி இருந்தால் அவரையே பொறுப்பாளராக்குங்கள். இருட்டிய பிறகு நிறுத்தி வைக்காதீர்கள். நம் ஆட்களில் யாராவது வேடிக்கைப் பேச்சுப் பேசினால், அதை வேடிக்கையென்று விட்டுவிடும் முதலாளியும் பொறுப்பாளிதான். அந்தப் பெண் வந்து சொன்னால் முதலில் கேளுங்கள். கடைப் பெயரைப் பற்றிய கவலை பிறகு.

யார் பொறுப்பாளர் என்பதைப் பெயர் சொல்லி வைக்க வேண்டும். "எல்லோரும் பார்த்துக் கொள்வார்கள்" என்றால் ஒருவரும் பார்ப்பதில்லை. முதலாளிக்கு நேரமில்லையென்றால் கடையில் பொறுமையுள்ள ஒருவரை நியமியுங்கள். கெட்டிக்காரரை விடப் பொறுமைக்காரர் இதற்கு உகந்தவர். வாரம் ஒரு நாள், கூட்டம் குறைந்த நேரத்தில், கால் மணி நேரம் பையனை உட்கார வைத்துப் பதிவேட்டை வாசியுங்கள். எழுதியது நடந்ததா? நடந்தது அவனுக்கு விளங்கியதா? அடுத்த வாரம் என்ன? அதன் பிறகு கையெழுத்திடுங்கள். கடைசி நாளில் மொத்தமாகப் போடும் கையெழுத்தைப் பற்றி முன்னமே சொல்லிவிட்டோம். கல்லூரி ஆசிரியர் பார்வையிட வரும்போது தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடாமல், பிள்ளைக்கு எது வரவில்லை என்பதை அவரிடம் பேசுங்கள்.

நம்பிக்கையான வேலையும் ஒன்று கொடுத்துப் பாருங்கள். ஸைத் இப்னு தாபித் (ரலி) சிறு வயதினர். யூதர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்துக்காக அவர்கள் எழுத்தைக் கற்று வர நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பதினைந்து நாளில் கற்று வந்து கடிதங்களை எழுதவும் வாசித்துக் காட்டவும் செய்தார்கள். இன்று வருமான வரி இலாகா 2024 ஆகஸ்டிலிருந்து படிப்படியாகக் கொண்டு வரும் மின் விலைப்பட்டியலைக் கண்டு நம்மில் பல பெரியவர்கள் கலங்கிப் போயிருக்கிறார்கள். கணக்கியல் படிக்கும் பிள்ளை பெட்டி தூக்கிக் கொண்டிருக்கிறான்! அவனைக் கணக்கப்பிள்ளை பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு மாதத்துப் பில்களை அந்த முறையில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவருக்கும் அவனுக்கும் பாடம்.

சிலர் மனத்தில் ஒரு பயம் இருக்கிறது. தொழில் ரகசியத்தைக் கற்றுக் கொண்டு நாளை எதிர்க் கடை வைத்து விடுவானே என்று. வைக்கட்டுமே! நம்மில் எத்தனை பேர் முதலாளியிடம் கற்று அதே தெருவில் கடை வைத்தவர்கள் என்று கணக்கெடுத்தால் யார் மிஞ்சுவார்கள்? ரிஸ்கை அளப்பவன் அல்லாஹ். உண்மையில் நாம் பயப்பட வேண்டியது வேறு. நம் வீட்டுப் பிள்ளைகள் டாக்டராகவும் இன்ஜினியராகவும் வெளியே போய்விட்டார்கள், மாஷா அல்லாஹ். ஐம்பது அறுபது வருஷம் நடந்த கடையை எடுத்து நடத்த ஆளில்லாமல் வாடகைக்கு விட்டவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். இருபது வாரம் வந்து நின்ற பிள்ளைகளில் ஒருவனுக்கு இந்தத் தொழில் பிடித்துப் போக வேண்டுமானால், அவன் அதைப் பார்த்திருக்க வேண்டும். கிடங்கில் நின்றவன் என்னத்தைப் பார்த்தான்?

மார்க்குத் தாளில் நல்ல பெயர் எழுத வேண்டுமென்று எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு போடுவதும் வேண்டாம். கோபத்தில் வெட்டுவதும் வேண்டாம். சொல்லிக் கொடுத்ததை வைத்துப் போடுங்கள். சொல்லியே கொடுக்காததற்கு அவனுக்கு மார்க்குக் குறைப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

இடமில்லை, நேரமில்லை என்றால் முடியாது என்று கல்லூரிக்கு எழுதிவிடுவதில் வெட்கமொன்றுமில்லை. நோன்பு மாதத்தில் அஸருக்குப் பிறகு உணவுக் கடையிலும் துணிக் கடையிலும் மூச்சு விட நேரமிராது. அந்த மாதத்தில் தொடங்கும்படி கடிதம் வந்தால், பெருநாள் கழித்து அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால், பக்கத்தில் சொல்லிக் கொடுக்க மனமும் நேரமும் உள்ள இன்னொரு கடைக்காரரின் பெயரைக் கொடுத்து, நீங்களே ஒரு தடவை அவரிடம் நேரில் போய்ச் சொல்லி வையுங்கள்.

வஸ்ஸலாம்.